ஓர்செல்லா தாடையை வைத்துப் பார்த்த இரண்டு கிட்டார்கள்

என் அம்மாவும் ஓர்செல்லாவின் அம்மாவும் ஒரே அப்பனுக்கு இரண்டு வீட்டில் பிறந்தவர்கள். அப்படிப் பார்த்தால் அவள் எனக்குத் தங்கை முறை. டுனிகா பருத்திக் காட்டுப் பக்கம் பிறந்து, சின்ன வயதிலேயே மெம்பிஸ் நகரத்துக்கு வந்து, சலவைக்கடையில் நீராவி யந்திரத்தின் முன்னால் நின்றே தலை நரைத்தவள். ஆள் குள்ளம், கை மட்டும் அகலம். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் அண்ணன் லிண்டெல் பட்டாளத்துக்குப் போகும்போது தன் பேஸ் கிட்டாரை, தடித்த தந்தியில் அடித்தொனி வாசிக்கிறதை, அவளிடம் விட்டுப்போனான்.

"நான் வர்ற வரைக்கும் துருப்பிடிக்காமப் பாத்துக்கோடி" என்றான்.

அவள் ஞாயிறுதோறும் மவுண்ட் நீபோ சபையில் அதை வாசித்துத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டாள். லிண்டெல் திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, சிகாகோவுக்குக் குடிபோன பிறகும் கிட்டார் அவளிடமே இருந்தது. அவனுடைய மூத்த பையன் வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது லிண்டெல் வந்து எடுத்துக்கொண்டு போனான். அவனுடைய பொருள், அவன் எடுத்துப்போனான். அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை.

ஆனால் பேஸ் இல்லாத ஞாயிறு ஞாயிறாகவே இல்லை. பியானோ இருந்தது, டிரம்ஸ் இருந்தது, பாடகர் குழு இருந்தது. தரை போடாத வீட்டில் பாய் விரித்தது போலிருந்தது. பேஸில் காதுக்குக் கேட்பது பாதிதான். மற்றப் பாதி உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக ஏறி முதுகுக்கு வரும்.

அந்த வருஷம்தான் ஓர்செல்லாவின் காது போய்க்கொண்டிருந்தது. இடது காது முன்பே போய்விட்டது. வலது காது, காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொள்வது போல மெல்ல மெல்ல. அவள் புருஷன் ஹோசியாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சபைக்குத் தெரிந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. பாவம் பார்த்து, வெள்ளை உடுப்புக் கிழவிகளின் முன்வரிசையில் உட்காரவைத்து விசிறியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குத்தான் அவள் பயந்தாள். அப்படி உட்காரவைக்கக் காரணமும் இருந்தது. எங்கள் சபையில் பாடுகிறவர்கள் சுருதி சொல்வதில்லை. யாராவது எழுந்து, மனசில் பட்ட இடத்தில் பாட்டைத் தூக்குவார்கள். வாசிக்கிறவர்கள் பின்னாலேயே ஓடிப் பிடிக்கவேண்டும். காது இல்லாதவள் எங்கே போய்ப் பிடிப்பாள்?

போதகர் பொறுப்பேற்ற நாளின் ஆண்டுவிழா நெருங்கியது. ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிட்டார் வாங்கக் கிளம்பினோம்.

நகரத்துக்குள் பெரிய கடையில் ஒரு புதுசு தொங்கிக்கொண்டிருந்தது. பாலேட்டின் நிறம், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. கடைப் பையன் ஒலிபெருக்கி வயரை எடுத்து வருவதற்குள் ஓர்செல்லா அதை மடியில் வைத்து, கொம்பு போல நீண்ட மேல்முனையில் தாடை எலும்பை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தந்தியைச் சுண்டினாள். காதுக்கு எட்டாததை எலும்பு வழியாகக் கேட்பது அவள் கண்டுபிடித்த வழி.

"அம்மா, வயர் மாட்டினாத்தான் சத்தம் வரும்" என்றான் பையன்.

"வரட்டும் தம்பி, நீ மெதுவா வா. அவ அதுகிட்ட ரகசியம் பேசிக்கிட்டிருக்கா" என்றார் ஹோசியா.

அவள் கண்ணைத் திறந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தகரத்துல மழை பெய்ற மாதிரி" என்றாள்.

அங்கிருந்து வில்பரின் அடகுக்கடைக்குப் போனோம். அங்கே இருந்தது பழசு. ஓரம் கறுத்து நடுவில் தேன் நிறமாக இருந்தது. முன்னால் வைத்திருந்தவரின் முழங்கை பட்ட இடத்தில் வண்ணம் போய் வெறும் மரம் தெரிந்தது. அவள் தாடையை வைத்தாள். சுண்டினாள். அவ்வளவுதான், ஆள் எங்கோ போய்விட்டாள்.

எனக்கும் ஆசையாக இருந்தது. மறுபக்கம் குனிந்து என் தாடையையும் வைத்தேன். ஆற்றில் மூடுபனிக்குள் இழுவைப்படகு ஒன்று போகிறது. படகு கண்ணில் படவில்லை, ஆனால் கரையில் நிற்கிறவளின் பல்லுக்குள் அது போகிறது. அப்படி இருந்தது. சுண்டிய கையை எடுத்த பிறகும் போய்க்கொண்டே இருந்தது. கடையில் கிடந்த கடிகாரங்கள், துப்பாக்கிகள், யாரோ விற்றுப்போன கல்யாண மோதிரங்கள் எல்லாம் அந்தப் பனிக்குள் மிதப்பதாகத் தோன்றியது.

"ரெண்டு கிழவிகளும் அதைத் தின்னுடாதீங்க" என்றான் வில்பர்.

"வாயை மூடுறா, உனக்கென்ன தெரியும்" என்றேன்.

ஓர்செல்லா கிட்டாரின் கழுத்தில் ஒவ்வொரு கட்டாக மேலே ஏறிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி சுண்டினாள். மறுபடியும்.

"ஹோசியா, இங்க சத்தம் வருதா?"

அவர் காதைக் கொண்டுபோனார். "டொக்குன்னு ஒண்ணு வந்து, உடனே போயிடுது."

"எல்லாப் பழசுலயும் ஒரு செத்த இடம் இருக்கும் அக்கா" என்றான் வில்பர். "குழி இருக்கிற ரோடு மாதிரி. தெரிஞ்சவங்க சுத்திக்கிட்டுப் போயிடுவாங்க. மத்தபடி இந்தத் தெருவுலயே இதுக்கு ஈடு கிடையாது."

அது பொய்யில்லை. ஆனால் அவள் கிட்டாரை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மெல்லக் கிடத்தினாள். "புதுசையே பாப்போம்" என்றாள். மறுபடி பெரிய கடைக்கு நடந்தோம். அங்கே கீழிருந்து மேல்வரை ஓரிடம் விடாமல் தாடையை வைத்துக் கேட்டாள். பையன் வயரோடு நின்று சலித்துப் போனான். எல்லா இடத்திலும் சத்தம் சாகாமல் நீடித்தது. அதையே வாங்கினாள்.

பஸ்ஸில் ஹோசியாவுக்கு மனசு ஆறவில்லை. "பழசு தேன் மாதிரி பேசிச்சேடி. ஒரே ஒரு இடத்துக்காகவா விட்டுட்டே?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "காது முழுசாப் போற நாள் வரும். அன்னிக்கு அந்த இடத்துல விரல் வைக்கிறேன், ஒண்ணும் வரல. செத்தது கிட்டாரா, நானான்னு யாருகிட்டப் போய்க் கேப்பேன்? எந்த இடமும் சாகாதது ஒண்ணு எனக்கு வேணும். அப்புறம் எது காணாமப் போனாலும் அது என் காதுன்னு தெரிஞ்சுக்குவேன்."

ஹோசியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆண்டுவிழா அன்று காலையில், முன்வரிசை வெள்ளை உடுப்புக் கிழவிகளில் மூத்தவளான மதர் லூவேனியா எண்ணெய்ச் சீசாவோடு வந்தாள். சபைக்குள் வரும் எதற்கும், புது நாற்காலிக்குக்கூட, ஜெபித்த ஒலிவ எண்ணெய் பூசாமல் விடமாட்டாள்.

"அடகுக்கடைச் சனியனை விட்டுட்டுப் புதுசு வாங்கினியே, புத்திசாலி. அது எந்தச் சாராயக்கடையில ஆடிச்சோ. ஆண்டவர்தான் உன் காதுல பேசியிருக்காரு" என்றாள் ஓர்செல்லாவிடம்.

"ஆமா மதர், காதுலதான்" என்றாள் இவள்.

நாங்கள் மனிதர்களுக்கு நெற்றியில் ஒரு சொட்டு வைப்போம். கிட்டாருக்கு நெற்றி எது? மதர் யோசித்துப் பார்த்து, தலையில் தொடங்கித் தந்திகள் நெடுக ஊற்றிக்கொண்டே வந்துவிட்டாள்.

"மதர், மீன் பொரிக்கவா போறோம்?" என்று கத்தினார் ஹோசியா.

ஓர்செல்லா பாவாடை நுனியால் துடைத்தாள். துடைத்தது போக ஊறியது ஊறியதுதான். கொம்பில் தாடையை வைத்துச் சுண்டிப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். தகரத்து மழை நின்றுபோயிருந்தது. அந்த எண்ணெய் புதுத் தந்தியின் கூச்சலை அடக்கி, உருண்டையாக, கனமாக ஆக்கிவிட்டிருந்தது.

ஆராதனை நடுவில் சபைப் பொறுப்பில் இருக்கிற டீக்கன் ஒருவர் எழுந்து, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் பாட்டைத் தூக்கினார். பியானோக்காரி தடுமாறினாள். ஓர்செல்லா தலையைச் சாய்த்து, கொம்பில் தாடையை வைத்து, கண்ணை மூடினாள். ஜெபிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு தடவை தேடினாள். மூன்றாவதில் பலகை என் முதுகோடு பேசியது. விசிறிகள் நின்றன. வெயில் வண்ணக் கண்ணாடியில் இறங்கி அவள் செருப்பின்மேல் நின்றது. எவ்வளவு நேரம் போயிற்றென்று எனக்குத் தெரியாது. சபையே படகில் ஏறி ஆற்றில் போவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

கீழ்க்கூடத்தில் கெளிற்று மீனும் ஸ்பகெட்டியும் பரிமாறும்போது ஹோசியா அவளுடைய வலது காதில் வாயை வைத்துக் கேட்டார். "எல்லாம் கேட்டுச்சாடி?"

"நடுவுல கொஞ்ச தூரம் ஒண்ணுமே இல்ல" என்றாள் அவள், மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே. "அது கிட்டார் இல்ல, நான்தான்னு தெரிஞ்சுச்சு. அதனால நிக்காமப் போயிட்டேன்."