அறுபத்துநாலு போதும்

டெல்பின் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலப்புதூரில் யாரும் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை என்று சொன்னால், அதில் மிகை கொஞ்சம்தான். அங்கே ஒரு பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுப்பவள் அவள். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து நிற்பார்கள். "டீச்சர், பையனுக்கு லேப்டாப் வாங்கணும், எது நல்லா இருக்கும்?" அவளும் அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள். அப்படிக் கேட்கப்படுவதில் அவளுக்கு ஒரு சுகம் உண்டு. அவளுடைய அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். தொண்ணூறுகளில், அந்தக் குடும்பத்தில் யாரும் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது கூட இல்லாதபோது, பன்னிரண்டு பேருக்கு ஒன்று என்று முறைபோட்டு உட்கார்ந்து எம்.சி.ஏ. முடித்தவள் டெல்பின். தான் எழுதிய புரோகிராம்கள் அத்தனையையும் ஒரே பிளாப்பியில் அடக்கி, அதைச் சோப்பு டப்பாவில் வைத்துப் பத்திரப்படுத்தியவள். இப்போது நாற்பத்தெட்டு வயது. வேலையில் சுத்தம், பேச்சில் நிதானம். தன்னைப் பற்றி வெட்கப்படும்படி எதுவும் செய்ததாக அவளுக்கு நினைவில்லை, போன மார்ச் மாதம் வரைக்கும்.

அதற்கு முந்தைய ஜூனில், கல்லூரிகள் திறக்கும் சமயம், ஆசிரியர் அறையில் இயற்பியல் ஆசிரியர் இருதயநாதன் சார் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், ஜோஸ்வினுக்கு லேப்டாப் வாங்கணும். எவ்வளவு ஸ்டோரேஜ் வேணும்? கடையில தலை சுத்துது."

"என்ன கோர்ஸ் எடுத்திருக்கான் சார்?"

"விஸ்காம்."

"அப்ப வீடியோ எடிட்டிங் வரும். எந்த சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுக்கறாங்க? கேமரா டிபார்ட்மெண்ட்ல கொடுப்பாங்களா, சொந்தமா வாங்கணுமா? மூணு வருஷத்துக்கு இதேதான் ஓடணுமா?"

அவர் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை மகனுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். டெல்பின் ஒரு தாளை எடுத்து எழுதினாள். குறைந்தது ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி. பின்னால் இன்னொரு டிஸ்க் போட்டுக்கொள்ளக் காலி இடம் இருக்க வேண்டும். விண்டோஸும் சாஃப்ட்வேரும் மட்டுமே ஐம்பது ஜிபி வரை தின்றுவிடும். ஒரு நாள் ஷூட்டிங் முடித்து வந்தால் நாற்பது, ஐம்பது ஜிபி சாதாரணமாக ஆகும். "இதுல சிக்கனம் பாத்தா படிப்புதான் கெடும் சார்," என்று கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மாடிப்படிக்குக் கீழே ராசாத்தி நிறுத்தினாள். ராசாத்தி அந்தப் பள்ளியின் ஆயாம்மா. வகுப்பறைகளைக் கூட்டி, தண்ணீர்த் தொட்டி கழுவி, மணி அடித்து, கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகிறவள். டெல்பினைவிட மூன்று வயது மூத்தவள்.

"டீச்சர், ஒரு நிமிஷம். பாப்பா காலேஜ் சேந்திருக்கு. லேப்டாப் வேணுங்குது. கடையில அறுபத்துநாலுங்கறான், ஐநூத்திப்பன்னெண்டுங்கறான், எனக்கு ஒண்ணும் புரியல. எது வாங்கலாம்?"

வாசல் பக்கம் பஸ் வரும் சத்தம் கேட்டது. டெல்பின் குடையை விரித்துக்கொண்டே சொன்னாள். "காலேஜுக்குத்தானே? அறுபத்துநாலு போதும் ராசாத்தி. டைப் அடிக்க, மெயில் பாக்க. அதுக்கு மேல என்ன இருக்கப் போவுது? கடைக்காரன் பெருசாத்தான் தலையில கட்டுவான். நீ ஏமாந்துடாதே."

"நல்லவேளை கேட்டேன் டீச்சர்," என்று ராசாத்தி முகம் மலர்ந்தாள். ஒரு ஏழைப் பெண்ணை ஏமாறவிடாமல் காப்பாற்றிய திருப்தி டெல்பினுக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் அதுவும் மறந்துபோனது.

மார்ச் மாதம் ஜோஸ்வினின் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் எடுத்த குறும்படங்களைத் திரையிட்டார்கள். "நீங்க வரணும் டீச்சர், நீங்க சொல்லி வாங்கின லேப்டாப்புல எடுத்த படம்," என்று இருதயநாதன் சார் அழைத்திருந்தார். அன்று காலை, கம்ப்யூட்டர் லேபைக் கூட்டிக்கொண்டிருந்த ராசாத்தி துடைப்பத்தை நிறுத்தினாள்.

"மத்தியானம் அங்கதான் போறீங்களாமே டீச்சர்? எம் பொண்ணு அகிலா படமும் போடுறாங்க. ஸ்கூல் பூட்டணும், நான் வர முடியாது. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"உம் பொண்ணா? அவ எங்க படிக்கிறா?"

"ஜோஸ்வின் தம்பி கிளாஸ்தான் டீச்சர். தெரியாதா உங்களுக்கு?"

அறுபத்துநாலு என்று தான் சொன்னது டெல்பினுக்கு அந்தக் கணமே, குடையும் பஸ் சத்தமுமாக, அப்படியே திரும்ப வந்தது.

மத்தியானம் கல்லூரி அரங்கத்தில் முதலில் ஜோஸ்வின் படம் வந்தது. முக்கொம்பு மீனவர்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் எடுத்திருந்தான். தண்ணீர்த்துளி ஒவ்வொன்றும் தெரிந்தது. கைதட்டினார்கள். நான்கைந்து படங்கள் கழித்து 'அகிலாண்டேஸ்வரி தர்மராஜ்' என்று பெயர் வந்தது. காந்தி மார்க்கெட்டில், மதியத்தில், மூட்டை தூக்குகிறவர்கள் வெங்காயச் சாக்குகளின் மேலேயே உறங்குவதைப் பற்றிய படம். அவர்களில் ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அகிலாவின் அப்பா என்று முகத்திலேயே தெரிந்தது. எந்தத் தோளில் முதலில் வலி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் படம் முடிந்துவிட்டது. மொத்தம் நாலே நிமிடம். படமும் கலங்கலாக, கட்டம் கட்டமாக இருந்தது.

விரிவுரையாளர் மைக்கை எடுத்தார். "நல்லா ஆரம்பிச்சு ஏன்மா வெட்டிட்ட? ஒரிஜினல் ஃபைல் கொண்டா, சேத்துக்கலாம்."

"அழிச்சிட்டேன் சார்."

"அழிச்சிட்டியா?"

"லேப்டாப்புல இடம் இல்ல சார். கொஞ்சத்தை மட்டும் சின்னதா மாத்தி வெச்சுக்கிட்டு, பெருசை அழிச்சாத்தான் சாஃப்ட்வேரே தொறக்கும். கேமரா கார்டை அடுத்த டீமுக்குக் கொடுத்துட்டோம்."

"எத்தனை ஜிபி?"

"அறுபத்துநாலு."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. "இந்தப் படிப்புக்கு அறுபத்துநாலு வாங்கச் சொன்ன மகராசன் யாரு?" என்றார் அவர், கோபமில்லாமல்தான்.

அகிலா தலையை நிமிர்த்தினாள். அம்மாவைப் பார்க்கப் பள்ளிக்கு வந்து போனவள்தான். மூன்றாவது வரிசையில் இருந்த டெல்பினை அவளுக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. ஒரு நொடி இருவர் கண்ணும் சந்தித்தன.

"கடையில சொன்னாங்க சார்," என்றாள் அகிலா.

எழுந்து, 'நான்தான் சொன்னேன்' என்று சொல்ல டெல்பினுக்கு வாய் வரவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பக்கத்தில் இருதயநாதன் சார், "பாவம், விவரம் தெரியாத ஜனங்க," என்று முணுமுணுத்தார்.

மறுநாள் காலை ராசாத்தி கேட்டில் நின்றிருந்தாள். "படம் எப்படி டீச்சர் இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு ராசாத்தி," என்று சொல்லிவிட்டு டெல்பின் நிற்காமல் நடந்தாள்.

அதன்பின் பத்து நாள் அவள் ராசாத்தி கண்ணில் படாமல் இருக்கப் பார்த்தாள். லேப் கூட்டுகிற நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோகாமல் லேபிலேயே திறந்தாள். கணவர் ஜூட் அரியமங்கலத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். "என்னடி, ஒரு மாதிரி இருக்க?" என்று இரண்டு முறை கேட்டார். அவரிடம் கூடச் சொல்ல முடியவில்லை. தவறாகச் சொன்னது மட்டும்தான் என்றால் சொல்லியிருப்பாள். யாருக்கும் தவறு வரும். அவளைக் குத்தியது வேறு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், 'என்ன கோர்ஸ்?' என்று. சாரிடம் முதல் வார்த்தையாக வந்த கேள்வி, துடைப்பம் பிடித்த பெண்ணிடம் ஏன் வரவில்லை? ஆயாம்மா பெண் என்ன படித்துவிடப் போகிறாள் என்று தன் மனம் எப்போது முடிவு செய்தது? அவளுக்கே தெரியாமல் அது எத்தனை நாளாக உள்ளே இருந்தது?

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். மேலூர் சாலையில் இறங்கி, விசாரித்து, ராசாத்தி வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இரண்டு அறை வீடு. உள்ளறையில் அகிலாவின் அப்பா தர்மராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் அகிலா அந்தச் சின்ன லேப்டாப்பின் முன்னால் இருந்தாள்.

"வாங்க டீச்சர், வாங்க," என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் ராசாத்தி. "என்ன திடீர்னு? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

டெல்பின் உட்காரவில்லை. பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் கலைந்துபோனது. "அன்னைக்கு நான் உங்கிட்ட அறுபத்துநாலு போதும்னு சொன்னது தப்பு. அதனாலதான் உம் பொண்ணு படம் பாதியில நின்னுச்சு. நல்லா இருந்துச்சுன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். யார் வாங்கச் சொன்னதுன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. இவ என் பேரைச் சொல்லல. நானும் எந்திரிச்சுச் சொல்லல."

ராசாத்தி மகளைப் பார்த்தாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேடி நீ?"

"என்னத்தச் சொல்றது? டெல்பின் டீச்சரே சொன்ன லேப்டாப்னு நீ தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்க," என்றாள் அகிலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுப்பில் ஏதோ கொதித்தது. ராசாத்தி போய் அணைத்துவிட்டு வந்தாள். "விடுங்க டீச்சர். தெரியாமச் சொல்றதுதானே," என்றாள். பிறகு, ஏதோ நினைத்தவள் போலக் கேட்டாள். "ஜோஸ்வின் தம்பிக்கும் நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு எவ்வளவு சொன்னீங்க?"

டெல்பினுக்குப் பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. "ஆயிரம்," என்றாள்.

"ஆயிரமா?" ராசாத்தி அதை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே படிப்புதானே?"

"சார்கிட்ட என்ன படிப்புன்னு கேட்டேன். உங்கிட்ட கேக்கல."

"ஏன் டீச்சர் கேக்கல?"

அந்தக் கேள்வியில் குத்தலே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. டெல்பின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராசாத்திக்குப் பதில் புரிந்துவிட்டது. அவள் அதற்கு மேல் கேட்காமல் தட்டில் இருந்த கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

டெல்பின் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தாள். ஸ்டோரேஜ் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. மாற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. அழிந்ததை மீட்கத் தனக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் ஒரு மணி நேரம் முயன்றாள். ஒன்றும் வரவில்லை.

"அப்பா நாப்பது நிமிஷம் பேசினாரு டீச்சர்," என்றாள் அகிலா தணிந்த குரலில். "வீட்டுல அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. ஏழு தடவை உக்காந்து எதை வெச்சுக்கலாம், எதை அழிக்கலாம்னு பாத்துப் பாத்து அழிச்சேன். மறுபடி பேசுங்கப்பான்னா, அன்னைக்கே சொல்லிட்டேனேங்கறாரு."

உள்ளே அவருடைய மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் டெல்பின் தன் சொந்த லேப்டாப்பில் ஆயிரம் ஜிபி டிஸ்க் ஒன்றைப் புதிதாகப் போட்டு, அகிலாவின் சாஃப்ட்வேரை ஏற்றிக் கொண்டுபோனாள். ராசாத்தி வேண்டாம் என்றாள். "உங்களுக்கு வேலைக்கு வேணுமே டீச்சர்."

"எனக்கு உங்க பொண்ணோடது போதும். கேள்வித்தாள் டைப் அடிக்கணும், மார்க் போடணும். அவ்வளவுதான் என் வேலை." 'உங்க' என்று வந்ததை அவள் யோசித்துச் சொல்லவில்லை. ராசாத்தி ஒரு மாதிரி நெளிந்தாள்.

அகிலா தயக்கமில்லாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் டீச்சர்," என்றாள். உடனே திறந்து, எவ்வளவு இடம் காலி என்று பார்த்தாள். அவளிடம் வேறு எதையும் எதிர்பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று டெல்பினுக்குத் தெரிந்தது.

இருதயநாதன் சாரிடமும் சொன்னாள். ஆசிரியர் அறையில், நான்கு பேர் இருக்கும்போதே சொன்னாள். அவர், "இதுக்கெல்லாமா இவ்வளவு வருத்தப்படுவீங்க? விடுங்க டீச்சர்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆறுதலாக இல்லை.

இந்த ஜூலையில் கல்லூரி மாணவர்களின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அகிலா படப்பிடிப்புக்காக வெளியூர் போயிருந்தாள். மத்தியான இடைவேளையில் ராசாத்தி கையில் சான்றிதழ்களோடு மாடியேறி வருவதை டெல்பின் லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எழுந்து, எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்தாள்.

ராசாத்தி வாசலில் ஒரு கணம் நின்று, "சாப்டீங்களா டீச்சர்?" என்று எப்போதும் போல முகம் மலர்ந்து கேட்டாள். பிறகு அப்படியே நடந்து, வராந்தாவின் கடைசியில் இருந்த இயற்பியல் ஆய்வகத்துக்குள் போனாள்.

"சார், இதைக் கொஞ்சம் போட்டுத் தரீங்களா?" என்று அவள் கேட்பதும், "உக்காருங்க. பொண்ணு என்ன கோர்ஸ்னு போடணும்?" என்று இருதயநாதன் சார் கேட்பதும் டெல்பினுக்குக் காதில் விழுந்தன.