ஏத்தத்தில் இறங்கினவள்

அந்தப் போட்டியை எப்படிக் கூப்பிடுவது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. எழுபதுகளின் கடைசிப் பக்கம். துறைமுகத்து மதிலில் ஒட்டிய நோட்டீஸில் ‘முப்போட்டி’ என்று போட்டிருந்தார்கள். முதலில் உட்துறைமுகத்தில் நீச்சல், கரையேறியதும் பட்டணத்தைச் சுற்றிச் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் ஒரே ஆள் செய்ய வேண்டும். வேர்க்‌ஷொப்பில் என்னோடு வேலை செய்தவர்கள் வாசித்துவிட்டு, இது விசர் வேலை என்றார்கள். நான் போய்ப் பேர் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனைவி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். மகளுக்கு ஏழு வயது. சமைப்பது, உடுப்புத் தோய்ப்பது, தலை பின்னிவிடுவது எல்லாம் நான்தான். நான் பின்னிய பின்னல் பத்து மணிக்கு முன்னமே அவிழ்ந்துவிடும் என்று அவளுடைய ரீச்சர் ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னா. விடிய ஐந்து மணிக்கு, அவள் நித்திரையாய்க் கிடக்கும்போது, கதவைச் சாத்திவிட்டுக் கடலுக்குப் போவேன். அரை மணித்தியாலம் நீந்துவேன். ஒரு நாளில் நான் ஒருவருக்கும் அப்பாவாக இல்லாத நேரம் அது ஒன்றுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் களவு நெடுநாள் நிற்கவில்லை. என் மனைவியின் மூத்த சகோதரி, மகளுக்குப் பெரியம்மா, கிளிவெட்டியில் வயல் செய்கிற வீட்டுக்காரி. பட்டணத்தில் ஒரு கலியாணத்துக்கு வந்தவர் விடியற்காலை எங்கள் குவாட்டர்ஸுக்கும் எட்டிப் பார்க்க வந்தார். வாசற்படியில் பிள்ளை தனியே உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத் தலையோடு வந்து சேர்ந்தபோது அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

“தம்பி, உங்களால ஏலாது. அது பிழையில்லை. பிள்ளையை நான் கொண்டுபோறன்” என்றார்.

நான் ஓம் என்றேன். போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குடாவைக் கடந்து மூதூர் போகிற மூன்று மணி லாஞ்சுப் படகில் கூட்டிப்போவதென்று முடிவானது. மகளின் உடுப்புப் பெட்டியை நானே அடுக்கினேன். அவள் அழவில்லை, பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதல்நாள் இரவு சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“போட்டியில என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ அப்பா.”

“ஏலாது பிள்ளை. அதிலை தனியத்தான் ஓடோணும்.”

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எங்கள் பள்ளிக்கூடப் பயணம் தெரிந்தால்தான் விளங்கும். ஒவ்வொரு நாளும் அவளைக் கரியரில் வைத்து ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டை ஏறி இறங்கித்தான் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அடிவாரத்து மதகில் சைக்கிள் துள்ளும். சக்கரத்துக் கம்பிக்குள் கால் போய்விடாதபடி “காலை அகட்டு” என்பேன். “ஓம்” என்பாள். ஏத்தம் தொடங்குகிற இடத்தில் “இறங்கு பிள்ளை” என்பேன். அவள் குதித்து இறங்கிக் கரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவாள். பாதி வழியில் களைத்துப் பின்தங்கிவிடுவாள். உச்சியில் ஒரு வேம்பு. அதன் கீழே காலூன்றி நிற்பேன். வந்து ஏறியதும் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். போகலாம் என்று அர்த்தம். இவ்வளவும் வாயும் காலும் தாமாகவே செய்கிற வேலைகள், யோசித்துச் செய்வதில்லை.

ஞாயிறு காலை எட்டுக்குத் தொடங்க வேண்டிய போட்டி, பிரதம விருந்தினர் வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது. பன்னிரண்டு பேர் நின்றோம். சைக்கிள்களை முதல்நாளே, போட்டியை நடத்திய கழகத்துக் கொட்டிலில் பூட்டி வைத்துவிட்டார்கள். பெரியம்மா மகளைக் குளிப்பாட்டி, பயணத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சொக்ஸ், புதுச் சப்பாத்து எல்லாம் போட்டு, கன்னத்தில் கறுப்புப் பொட்டும் வைத்துக் கூட்டி வந்திருந்தார். பின்னல் அசையாமல் நின்றது. கூடாரத்தின் கீழே கதிரையில் இருவரும் இருந்தார்கள். பிள்ளையின் கை பெரியம்மாவின் கைக்குள் இருந்தது.

எங்கள் துறைமுகத்துத் தண்ணீர் கரையிலிருந்தே ஆழம். பெரிய கப்பல்கள் கிட்ட வந்து நிற்கும். நடுவில் நீந்தும்போது கீழே பார்த்தால் கறுப்பு, வேறொன்றும் இல்லை. அன்று மற்றவர்கள் தண்ணீர் அடிக்கிற சத்தம்கூட என் காதில் விழவில்லை. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கூடாரத்தின் கீழ் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது சின்னதாகிக்கொண்டே போனது. இன்று பின்னேரத்திலிருந்து எந்த நேரமும் இப்படி நீந்தலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சந்தோஷமாகவே இருந்தது. உடனே காலுக்குக் கீழே தண்ணீர் குளிர்ந்தது. அதன்பிறகு திரும்பிப் பார்த்தபோது வெள்ளைச் சட்டை தெரியவில்லை.

ஐந்தாவதாகக் கரையேறினேன். சைக்கிளில் ஏறி நாலு மிதி மிதித்ததும் பின்பக்கம் பாரமாக இருந்தது. காற்றுப் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். ரயர் கல்லுப்போல இருந்தது.

உச்சி வெயில். தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. மைதானத்து மரநிழலில் மான்கள் வழக்கம்போலப் படுத்துக் கிடந்தன. எங்கள் ஊர் மான்கள் லொறி வந்தாலும் எழும்பாது. நான் கிட்டப் போனதும் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றன. அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பின்னாலே பார்த்தன.

போட்டிப் பாதையும் எங்கள் பள்ளிக்கூடப் பாதையால்தான் போனது. மதகு வந்தது. சைக்கிள் துள்ளியது. “காலை அகட்டு” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“ஓம்.”

திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அங்கே கூடாரத்தில் இருக்கிறாள், பெரியம்மா பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு மிதித்தேன். பாரம் குறையவில்லை.

ஏத்தத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். எட்டிப் பிடித்தால் மூன்றாமிடம். தொடை நடுங்கியது. பழக்கதோஷம், “இறங்கு பிள்ளை” என்றேன்.

பாரம் போய்விட்டது. பிறகு பின்னாலிருந்து சின்னதாக ஒரு தள்ளு வந்தது. பெரிய பலமில்லை, ஏழு வயதுப் பலம். இரண்டு பேரையும் கடந்து ஏறினேன். பாதியில் அந்தத் தள்ளும் நின்றுவிட்டது.

உச்சியில் வேம்பின் கீழ் கொடியோடு ஒரு நடுவர் நின்றார். கிண்ணியாப் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர். முன்னால் நல்ல இறக்கம், கால் வைக்காமலே போகலாம். நெஞ்சிலும் முதுகிலும் காற்று அடித்தது. மனைவி செத்த நாளிலிருந்து என் உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததில்லை. இப்போது போனால், பின்னால் வருவது எதுவோ அது ஏத்தத்திலேயே நின்றுவிடும், இனி ஒருநாளும் என்னை வந்து சேராது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் காலூன்றி நின்றேன்.

“தம்பி! என்ன நிற்கிறீங்க? போங்க, போங்க!” என்று மாஸ்டர் கத்தினார். பிறகு எனக்குப் பின்னால் ஏத்தத்தைப் பார்த்தார். கத்துவதை நிறுத்திவிட்டார். நான் கடந்து வந்த இருவரும் என்னைக் கடந்து போனார்கள். இன்னும் இரண்டு பேர் போனார்கள். சரளைக்கல்லில் புதுச் சப்பாத்தின் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, களைத்த நடை. கரியர் பதிந்தது. முதுகில் இரண்டு தட்டு.

இறக்கத்தில் நான் அழுதுகொண்டு போனேன். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. ஓட்டம் எப்படி ஓடினேன் என்பது ஞாபகமில்லை. ஏழாவதாக வந்தேன் என்று சொன்னார்கள்.

அந்த ஏழாமிடமும் நிலைக்கவில்லை. மாஸ்டர் கையில் ஒரு கடதாசியோடு வந்தார். பகிடி விடுகிற முகமில்லை.

“மன்னிக்கோணும் தம்பி. பிள்ளையை ஏத்திக்கொண்டு வந்ததால உங்களப் போட்டியில இருந்து எடுத்தாச்சு. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை. நான் என்ர கண்ணால கண்டனான்.”

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிறீங்கள்? பிள்ளை இஞ்ச என்ர மடியில கிடக்கிறாள். இவர் தண்ணியில இறங்கிக் கொஞ்ச நேரத்தில நித்திரையானவள். தட்டி எழுப்பியும் எழும்பேல்லை. நான் இந்த இடத்தை விட்டு அரக்கேல்லை.”

உண்மைதான். மகள் அவர் மடியில் தலை வைத்து, கால்களைப் பக்கத்துக் கதிரையில் நீட்டிக் கிடந்தாள். மாஸ்டர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளுடைய வலது காலைக் காட்டினார். வெள்ளைச் சொக்ஸில், குதிக்கு மேலே, சங்கிலி எண்ணெய் நீளமாகப் பட்டிருந்தது. புதுச் சப்பாத்தின் அடியில் செம்மண்.

பெரியம்மா அந்த எண்ணெயை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். விடியக் குளிப்பாட்டி அந்தச் சொக்ஸைப் போட்டுவிட்டது அவர் கை. சைக்கிளோ முதல்நாளிலிருந்து கொட்டிலுக்குள் இருந்தது. விரலைச் சேலைத் தலைப்பில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அப்போது மகள் கண் விழித்தாள். என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

“நீங்கள் விட்டிட்டுப் போயிடுவீங்களெண்டு நினைச்சன் அப்பா.”

“ஓம் பிள்ளை” என்றேன். “நானும் அப்படித்தான் நினைச்சனான்.”

மூன்று மணிக்கு லாஞ்ச் ஊதியது. பிள்ளை என்னோடு நிற்கட்டும் என்று சொல்ல நான் வாயெடுக்க முன்னமே பெரியம்மா தன்னுடைய பையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார். உடுப்புப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். “விடியக்காலையில இனித் தனிய விடாதேங்கோ” என்று மட்டும் சொன்னார். அது பயமா இரக்கமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சாகும்வரை அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம். மதகில் “காலை அகட்டு” என்றேன், “ஓம்” என்றாள். ஏத்தம் வந்ததும் பழக்கத்தில் அவள் குதிக்கப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லி, அவளைக் கரியரிலேயே இருத்திவிட்டு, நான் இறங்கிச் சைக்கிளை உச்சிவரை தள்ளிக்கொண்டு போனேன்.