கீது என்னும் அடி

இராயபுரத்தில் சரக்குப் பெட்டகங்கள் அடுக்கிய வளாகத்தை நேற்றுக் கடக்கையில், எவரோ பறையைத் தீயில் காய்ச்சும் மணம் எழுந்தது. கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்த தோல்களை மாலைதோறும் அனலில் காட்டி இறுக்கிய எங்கள் பள்ளி முரசுக் கொட்டகை, அன்று அது நின்ற அவ்விடத்திலேயே நினைவில் மெல்ல மிதந்து வந்தது.

துறைமுகத் தொடர்வண்டியின் இரைச்சலில் ஒருவர் அடி மற்றவர்க்குக் கேளாது என்பதால், ரோசலின் ஆசிரியை தாளத்தைச் சொல்லாகவே ஊட்டினார்: "வூட்ல இன்னா கீது? மீன்கொயம்பு கீது." அதை நாவுக்குள் உருட்டியபடி அனைவரும் கொட்டுவர். தமிழாசிரியர் மகனான நானோ "வீட்டில் என்ன இருக்கிறது" என்று முணுமுணுப்பேன். அசைகள் மிகுந்து, என் குச்சி மட்டும் பிந்தி விழும். இப்படியே பிசகினால் தேவாலயத் தேர்ப்பவனியில் எனக்கு இடமில்லை என்றிருந்தார் ஆசிரியை.

"நைனா, நீ இலக்கணம் பேசி முடிக்கிறதுக்குள்ள கொயம்பு ஆறிடும்," என்றாள் பெருமுரசு சுமந்த மேரி. கொட்டகையே சிரித்தது. "கீதுன்னு சொல்லு. ரயிலு போவுது, உங்கப்பாவுக்குக் கேக்காது."

சொன்னேன். குச்சி எல்லோரோடும் விழுந்தது. தேரின் முன்னே நானும் நடந்தேன்.

"இன்னா பெரியவரே, அங்க இன்னா கீதுன்னு பாத்துகினு கீறீங்க?" என்று என் நினைவைக் கலைத்தார் வளாகக் காவலாளி.

"கொட்டகை கீது," என்றேன், தாளம் பிசகாமல்.