சுண்ணாம்பு நீர் பால்போல மாறியதா?

வினிகர் போன்ற கார்பாக்சிலிக் அமிலத்தில் கார்பனேட்டைப் போட்டால் நுரைத்துக்கொண்டு வாயு வரும், அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல வெளுக்கும். புத்தகத்தில் இது இரண்டே வரி. மீதி என்னவென்று லேபில் நின்று பழகிய உங்களுக்கே தெரியும்.

கல்லான பாட்டில்

சேலத்திலிருந்து மாற்றலாகி ஏற்காட்டுக்கு வேதியியல் டீச்சராக வந்த முதல் மார்கழி. காலையில் அசிட்டிக் அமில பாட்டிலை எடுத்தேன்; உள்ளே கல்லாக உறைந்து கிடந்தது. வேறு எதையோ அனுப்பிவிட்டார்கள் என்று சேலத்துக் கடைக்காரரிடம் போனில் சண்டையே போட்டுவிட்டேன். லேப் அட்டெண்டர் ஏசுதாஸ் பாட்டிலைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். மதியத்துக்குள் இளகிவிட்டது.

"தேங்காயெண்ணெ மாதிரித்தானுங்க டீச்சர், இந்தக் குளுருக்கு இதுவும் உறையுமுங்க" என்றார்.

சிவப்பு மை

ரோஸ்லின் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ப்ளஸ் டூ மாணவி. அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சுண்ணாம்பு நீர் சோதனைக்கு வகுப்பே "பால்போல மாறியது" என்று எழுத, இவள் மட்டும் "பால்போல மாறி, பிறகு தெளிந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். தப்பென்று சிவப்பு மையால் அடித்தேன்.

மனசு கேட்கவில்லை. சாயந்திரம் நானே வாயுவை நிறுத்தாமல் விட்டுப் பார்த்தேன். வெளுத்தது, விடவிடத் தெளிந்தது. வாயு அதிகமானால் அப்படித்தான் ஆகும் என்று நானும் படித்தவள்தான், மறந்திருந்தேன். மறுநாள் வகுப்பிலேயே தப்பு என்னுடையது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தேன்.

"பார்த்ததைத்தானுங்க டீச்சர் எழுதுனேன்" என்றாள்.

செய்முறைத் தேர்வு

வெளியிலிருந்து தேர்வு நடத்த எக்ஸ்டர்னலாக வந்தவர் மலைக்குக் கீழே சேலத்துக்காரர். ஆறு பேர் கொண்ட முதல் பேட்ச். தன் சோதனைக் குழாயில் நுரை வரவில்லை என்று ரோஸ்லின் கையைத் தூக்கினாள். மற்ற ஐந்து பேரும் "நுரைத்துப் பொங்கியது, கார்பாக்சிலிக் அமிலம்" என்று எழுதி முடித்திருந்தார்கள்.

அமிலத்தை நுரைக்க வைக்கும் பைகார்பனேட் கரைசல் பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் அவசரத்தில் அதில் உப்புக் கரைசலை ஊற்றி வைத்தது நான்தான். சொன்னால் எனக்கு மெமோ; சொல்லாவிட்டால் அவளுக்கு மார்க் போகும். எக்ஸ்டர்னலிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பாட்டிலை மாற்றச் சொல்லி, எல்லோருக்கும் மறுபடி நேரம் கொடுத்தார். ரோஸ்லினின் குழாயில் புசுபுசுவென்று பொங்கியது. முழு மார்க் வாங்கினாள். மற்றவர்கள் முதலில் எழுதிய ஐந்து பேப்பரையும் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், உப்புத்தண்ணிக்கே நுரை வந்துருக்குது, இவங்களுக்கு நான் என்னங்க மார்க் போடறது?"

அமிலம் நுரைக்கிறதோ இல்லையோ, எங்கள் லேபில் பேனா தவறாமல் நுரைத்துவிடும்.