வீரன் கல்லுக்கு அடிச்ச வெள்ளை

எங்க வூட்டுக்காரரு லூர்துராஜுக்கு நல்லது செய்யத் தெரியும், கேட்டுட்டு செய்யத்தான் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் கத்திக்கினுதான் இருக்கேன்.

கல்வராயன் மலையடிவாரத்து அணையில பரிசல் ஓட்டறாரு. அணை நடுவுல ஒரு தீவு. அதோட ஒரு பக்கம் உள்ள வளைஞ்சி, தண்ணி அலையில்லாம கிடக்கும். கள்ளக்குறிச்சியிலேர்ந்து லீவுக்கு வர்றவங்கள அந்த வளைவுலதான் எறக்கி வுடுவாரு. மேல ஏறினா இடிஞ்ச மண்டபம். பக்கத்துல, கத்தி புடிச்சிக்கினு நிக்கிற வீரன் கல், அதுக்குக் கீழ பழைய எழுத்து. அந்த வீரன்தான் வீரமுத்து அண்ணன் வூட்டு குலசாமி. நாங்க பரிசல் கட்டற கரையும் அவரு நெலம். அவரு வேணாம்னா எங்க பொழப்பு அதோட சரி.

போன கல்லறைத் திருநாளுக்கு மொத நாளு, எங்க ஆளுங்க கல்லறைக்கெல்லாம் வெள்ளை அடிக்கிற நேரம், சுண்ணாம்பு பக்கெட்டோட இந்த மனுஷன் தீவுக்குப் போய், வீரன் கல்லு பூரா பளிச்சுனு வெள்ளை அடிச்சிட்டாரு! அடிச்சிட்டு வந்துதான் எங்கிட்ட சொல்றாரு. "அவரும் சண்டையில செத்தவரு தானே மேரி, வருஷம் பூரா நமக்கு சோறு போடறாரு."

அந்த வாரமே அண்ணன் குடும்பம் படையல் வைக்கக் கெளம்புச்சி. பாத்து சந்தோஷப்படுவாங்கன்னு இவரே பரிசல்ல கூட்டினு போனாரு, பாவி மனுஷன். மஞ்ச பூசற மொகத்துல சுண்ணாம்பு. எழுத்து ஒண்ணுகூட தெரியல. அண்ணி கமலா ஓன்னு அழுதுட்டாங்களாம்.

"எங்க சாமிய கல்லறை ஆக்கிட்டியேடா!"ன்னு கத்தின அண்ணன், கரைக்கு வந்ததும் பரிசல கவுத்துப் போட்டுட்டாரு.

மன்னிப்பு கேக்க ரெண்டு பேரும் அவங்க வூட்டுக்குப் போனோம். இவரு தலைய தொங்கப் போட்டுக்கினு நின்னாரு.

"உங்கப்பன் கல்லறைக்கு அடிச்சது போக மிச்சம் இருந்ததத்தான எங்க சாமிக்கு பூசின?"ன்னாரு அண்ணன்.

எனக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ ஆத்திரம் வந்துச்சோ! "இன்னாண்ணே பேசறீங்க? மொதல்ல உங்க சாமிக்குத்தான் அடிச்சாரு. எங்க மாமனாருக்குத்தான் மிச்சம். அதுவும் பத்தல. போய்ப் பாருங்க!"

சாயந்திரம் அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாரு. எங்க மாமனாரு கல்லறை முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் பூரா போன மழை பாசி. ரெண்டு பக்கமும் சுத்திச் சுத்திப் பாத்தாரு. துண்டால மொகத்த தொடைச்சிக்கினு போய்ட்டாரு.

மறுநாளு கவுத்த பரிசல அவரே நிமித்தினாரு. "கல்ல கழுவப் போவணும். வா லூர்து."

கழுவினாங்க. கத்தி தெரிஞ்சிது, மொகம் தெரிஞ்சிது. எழுத்துக் குழியில போன சுண்ணாம்பு மட்டும் வரவே இல்ல.

பரிசல் இப்பவும் ஓடுது. அந்த வளைவுல எல்லாரும் எறங்கி மேல போறாங்க. "நீயும் ஏறி வாயேன்யா"ன்னு வீரமுத்து அண்ணனே கூப்புட்டுப் பாத்துட்டாரு. எங்க வூட்டுக்காரரு துடுப்ப மடியில வச்சிக்கினு பரிசலுலயே குந்தியிருக்காரு.