யார் ஊரைக் கீழே இறக்குவது?

போளூரிலிருந்து மலையேறும் பேருந்தில் மூன்றாவது வளைவு வருவதற்குள் சிக்னல் போய்விடும். அதனால் பி.எட். வகுப்பு முடிந்ததும் கல்லூரி வாசலிலேயே நின்று எதையாவது கைபேசியில் இறக்கிக்கொள்வேன். அன்று இறக்கியது இரண்டு அமெரிக்கர்கள் விளையாட்டைப் பற்றி வாரா வாரம் வாய்ச்சண்டை போடும் நிகழ்ச்சி. ஒருவர் பிறந்ததிலிருந்து பேஸ்பால் ரசிகர். மற்றவர் நாற்பது வயதுக்கு மேல் இங்கிலாந்துக் கால்பந்தில் விழுந்தவர். புது மாப்பிள்ளை மாமனார் ஊரைப் புகழ்வதுபோலப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, யாரும் ஜெயிக்கவில்லை என்று கை குலுக்கிப் போகிறார்கள். இதுவா விளையாட்டு?" என்றார் பேஸ்பால்காரர்.

"நீ முதலிடத்தைப் பார்க்கிறாய். கடைசி இடத்தைப் பார்" என்றார் மற்றவர். "நம் நாட்டில் கடைசியாக வந்த அணிக்கு, நல்ல இளம் ஆட்டக்காரனை முதலில் நீயே எடுத்துக்கொள் என்று சலுகை கொடுக்கிறோம். அங்கே கடைசியாக வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். கீழே ஜெயித்தவன் மேலே வருவான். தோற்றுக்கொண்டே இருக்கிற ஊரிலும் மைதானம் ஏன் நிரம்புகிறது என்று நினைக்கிறாய்?"

பேருந்து வளைவில் சாய்ந்தது. பக்கத்திலிருந்த ஓர் அம்மாவின் தக்காளிக் கூடை என் மடிக்கு வந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. எங்கள் மலையில் வருடத்துக்கு ஒரு கிரிக்கெட் போட்டி. முதல் ஆட்டத்தில் தோற்றவன் காலை பத்து மணிக்கே வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவான். ஜெயித்தவனுக்கு ஓர் ஆடு. மற்ற நாளெல்லாம் ஒன்றுமில்லை. எட்டு ஊர் இருக்கிறதே, நாலு மேலே, நாலு கீழே என்று வைத்தால் என்ன? ஊர் வந்து இறங்குவதற்குள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அட்டவணையே போட்டுவிட்டேன்.

அண்ணன்தான் எங்கள் ஊர் கிரிக்கெட் அணிக்கு கேப்டன். அவனிடம் சொன்னபோது சாமை மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு பாப்பா அவ்ளோ நேரம் ஓடுறது? கிரிக்கெட்னா நடுவுல தண்ணியாவது குடிக்கலாம்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனையும் அவன் கூட்டாளிகளையும் வீட்டு டிவி முன்னால் உட்காரவைத்தேன். இங்கிலாந்தில் பருவத்தின் கடைசி ஆட்டங்களில் ஒன்று. தோற்றால் அந்தச் சின்ன ஊர் இறங்கிவிடும். முதல் அரை மணி நேரம் கிண்டல்தான். "எத்தினி ஓவர் இது?" "இவன் இன்னா, காத்துல உழுந்துட்டு கால் ஒடஞ்சா மாரி கத்துறான்?" பிறகு கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பியது. ஐம்பது வயது மனுஷன் ஒருவன் துண்டில் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தான்.

"யோவ், இவன் ஏன்யா அழுவுறான்?"

"அவன் ஊரு கீழ எறங்குதாம்."

அதற்கப்புறம் யாரும் கிண்டல் செய்யவில்லை. அண்ணி அடுப்பிலிருந்ததை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். அடுத்த மாதமே எட்டு ஊரும் கால்பந்துக்கு ஒத்துக்கொண்டன. எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்கள் என்பதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இறங்கப்போவது வேறு ஏதோ ஊர் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

சாமை அறுத்த நிலத்தில் ஆட்டம். அணிக்கு ஏழு பேர். சரிவான நிலம் என்பதால் பாதி நேரம் மேட்டைப் பார்த்தும், பாதி நேரம் பள்ளத்தைப் பார்த்தும். விசில் என்னிடம். "அம்பயர் மேடம்" என்றுதான் கூப்பிட்டார்கள். ரெஃப்ரி என்று திருத்தித் திருத்திச் சோர்ந்துபோனேன். ஆனாலும் கூட்டம் வந்தது. கடைசி இடத்தைப் பற்றிப் பேருந்தில் பேசினார்கள், ரேஷன் கடையில் பேசினார்கள். அந்தக் கால்பந்துக்கார அமெரிக்கருக்குக் காட்டவேண்டும்போல இருந்தது.

மேல் பிரிவின் கடைசி ஞாயிறு வந்தது. எங்கள் ஊருக்கு ஆபத்தில்லை. எங்களோடு ஆடவேண்டியது அண்ணியின் பிறந்த ஊர். அவர்கள் தோற்றால் இறங்குவார்கள். சமமாக முடித்தால் ஒரு புள்ளி கிடைத்துத் தப்புவார்கள். அப்போது இறங்குவது ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்டத்தையெல்லாம் முடித்துவிட்டு, வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அதிக கோல் போட்ட அண்ணன், பந்தை நேராக கோல்கீப்பரின் கைக்கே உருட்டிவிட்டான். கோல்கீப்பர் அண்ணியின் தம்பி. அவன் அதைப் பூப்போல எடுத்து எங்கள் ஆளுக்கே உதைத்தான். அப்புறம் பந்து நடுவிலேயே சுற்றியது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. நான் விசிலை ஊதி, "ஆடுங்கடா!" என்று கத்தினேன். பேஸ்பால்காரர் கேலி பேசிய அந்தச் சமமான முடிவை அன்று இவர்கள் தட்டில் வைத்துப் பரிமாறிக்கொண்டார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

ஓடை ஊர் கேப்டன் ஷேர் ஜீப் ஓட்டுபவர், சத்தமாகப் பேசமாட்டார். நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சிஸ்டர், ரூல் ரூல்னு சொன்னியே. பொண்ணு குடுத்த ஊருக்கு ஒரு ரூலு, எங்களுக்கு ஒரு ரூலா? நாங்க எறங்கமாட்டோம். அடுத்த வருசம் வரவும் மாட்டோம்."

அவர்கள் போனால் அவர்களோடு இன்னும் இரண்டு ஊர் போகும். அதோடு எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவன் நிதானமாகக் கால் கழுவினான்.

"தையில எம்புள்ளைக்கு காது குத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சிதான் குத்தணும். அவன் ஊர நானே கீழ எறக்கிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வாடா மச்சான்னு போய் கூப்புடுவேன்? நீயே சொல்லு."

"அதுக்கும் பந்துக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?"

"உனுக்குத்தான் சம்பந்தம் தெரியல. படிச்சா மட்டும் போதுமா?"

இதில் எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது முழுக்கத் தப்பில்லை. நான் அட்டவணை போட்டபோது எட்டு ஊர்களைத்தான் எழுதினேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பெண் போயிருக்கிறது என்பதை எழுதவில்லை. இங்கிலாந்துக்காரன் தன் ஊருக்காக அழுவான். ஆனால் எதிர் கோல்கீப்பர் மடியில் பிள்ளையை உட்காரவைக்கும் தொல்லை அவனுக்கு இல்லை.

மறுநாள் போளூரில் இறங்கியதும் நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அந்த நிகழ்ச்சியின் கீழே கருத்தாகப் போட்டேன். அடுத்த வார நிகழ்ச்சியில் அதை வாசித்துவிட்டார்கள். பேஸ்பால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சொல்லவில்லையா, இந்த டிராதான் எல்லாத்துக்கும் காரணம்!" மற்றவர், இதுதான் உண்மையான ஊர்ப்பற்று என்று உருகினார். இருவருமாகப் பத்து நிமிடம் எங்கள் மலையை வைத்து விவாதித்துவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். ஓடை ஊர்க்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று இருவருமே யோசிக்கவில்லை. முதன்முறையாக நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தினேன்.

யோசித்தது அண்ணிதான். ஆட்டம் முடிந்த நாளிலிருந்தே அண்ணனோடு அவள் சரியாகப் பேசவில்லை. அவனுக்கு அவள் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"எங்க ஊரு பசங்க இன்னா, பிச்சைக்கா வந்தாங்க?" என்றாள் என்னிடம். "தோத்திருந்தா எறங்கிட்டு அடுத்த வருசம் ஏறியிருப்பாங்க. இப்ப பஸ்ல எல்லாம் சிரிக்கிறாங்க, மச்சான் தயவுல நின்னானுங்கன்னு. காது குத்துக்கு எந்தம்பி மடி எங்கயும் ஓடிப்போவாது."

அண்ணனுக்கும் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

ஆட்களைக் கலந்துபோட்டு, ஊர் பேரே இல்லாத அணிகளாக்கிவிடலாமா என்றும் பார்த்தேன். ஊர் பேர் இல்லாத அணிக்கு யார் வரப்பில் வந்து உட்காருவார்கள்? கிழித்துப்போட்டேன்.

இப்போது கையில் இருப்பது வேறொன்று. எங்கள் ஊருக்கும் ஓடை ஊருக்கும் ஒரே ஓர் ஆட்டம். தோற்பவர் இறங்கவேண்டும், நாங்கள் தோற்றால் நாங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே கல்யாண சம்பந்தம் எதுவும் இல்லை, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். விசிலை நான் எடுக்கப்போவதில்லை. அண்ணியின் தம்பியை ஊதச் சொல்லலாமென்றால் அதற்கும் ஓடை ஊர் ஒத்துக்கொள்ளாது. எட்டு ஊரிலும் சேராத காவலூரிலிருந்து ஒரு பி.டி. வாத்தியாரைக் கேட்டிருக்கிறேன். அணியில் நாலு பேர் சரி என்றுவிட்டார்கள். அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை. அவன் திறப்பதற்காகக் காத்திருக்கவும் போவதில்லை. ஞாயிறு காலை முதல் ஜீப்பிலேயே போகிறேன். ஓட்டப்போவது அந்த கேப்டன்தான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இந்த ஆட்டத்துக்கு வருகிறீர்களா என்று கேட்கவேண்டும்.