பன்னிரண்டு டென்ஸும் தெரிந்த முனிராஜ் அண்ணன்

முனிராஜ் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். ராகிக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி... ஓசூர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எங்கள் பிளான்ட்டில் சிஎன்சி லேத் ஆபரேட்டர். ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம்.

பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் பிரேக் கொடுத்து, புது ஆளை எடுப்பதுபோலத் திரும்ப எடுப்பார்கள். "பதினோரு வருசமா நான் புது ஆளுப்பா" என்று சிரிப்பார்.

பெர்மனென்ட் ஆள் இறந்தால் நோட்டீஸ் போர்டில் போட்டோ வைத்து, ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒரு நிமிடம் மெஷினை நிறுத்துவார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அது கிடையாது. பிளான்ட் குரூப்பில் இதுவரை ஒரு மெசேஜ்கூட இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் அங்கே மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். போன வருடம் ஒருநாள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, பெர்மனென்ட் இன்டர்வியூ வைக்கறாங்களாம். இங்கிலீஷ்லதான் கேப்பாங்களாம். இந்த டென்ஸ் டென்ஸ்ங்கறாங்களே, அத மட்டும் சொல்லிக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

வீட்டில் கன்னடம், மாமியார் வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், பீகார் பசங்களோடு இந்தி. நாலு மொழியில் சண்டை போடத் தெரிந்த மனிதர். ஐந்தாவதுதான் வேண்டுமாம்.

எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையெல்லாம் கிடையாது. ஒரே ஏ4 தாளில் பன்னிரண்டு டென்ஸையும் டேபிள் போட்டு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். மனப்பாடம் பண்ணுங்கண்ணா என்றேன். அவ்வளவுதான் என் டீச்சிங்.

தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பன்னெண்டா? நம்ம டரட்ல டூலும் பன்னெண்டுதானப்பா!"

டரட் என்பது லேத்தில் டூல்களை மாட்டிச் சுற்றும் தலை. அன்றிலிருந்து ஒவ்வொரு டென்ஸுக்கும் ஒரு டூல் நம்பர். சிம்பிள் ப்ரசென்ட் ஒன்று, சிம்பிள் பாஸ்ட் ஐந்து... ஜன்னலைப் பார்த்தபடி வாய்க்குள் ஓட்டிக்கொண்டே வருவார். நடுவில் மறந்துபோனால், "எட்டாம் நம்பர் டிப்பு ஒடைஞ்சிருச்சு தம்பி, மாத்து" என்பார்.

நான் எழுதிக் கொடுத்த உதாரணங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ராமன் ஸ்கூலுக்குப் போனா எனக்கென்னப்பா? யானை வந்து ராகியத் தின்னுட்டுப் போயிருச்சு. அதுக்கு எந்த நம்பருன்னு சொல்லு."

பின் சீட்டிலிருந்து ஒருத்தன், "யானைக்கே இங்கிலீஷ் வந்துரும்ணா, உனக்கு வராது" என்றான்.

"வரட்டும்டா. இன்டர்வியூக்கு அதையே அனுப்பிட்டு நான் கொல்லையப் பாத்துக்கறேன்."

மொத்த பஸ்ஸும் சிரித்தது. ஒரு மாதத்தில் பன்னிரண்டும் தலைகீழாக வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. அதற்கு எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் நான் ஒன்று சொன்னேன்...

"உள்ள போனா இங்கிலீஷ் தவிர வேற எதுவும் வாயில வரக்கூடாதுண்ணா. கன்னடத்துல கேட்டாலும் இங்கிலீஷ்லயே சொல்லுங்க. டெஸ்ட் பண்ணுவாங்க."

எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி நானாகச் சொன்னது.

பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். அண்ணன் திணறுவதைப் பார்த்து அவரே, "கன்னடதல்லே ஹேளி, பரவாகில்ல" என்றிருக்கிறார். கன்னடத்திலேயே சொல்லுங்கள், பரவாயில்லை என்று.

சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று எனக்குச் சொல்கிற ஆள். அதைக் கன்னடத்தில் சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. மேடம் இரண்டு முறை கேட்டும் அவர் இங்கிலீஷையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மெஷினில் ஃபால்ட் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு மூன்று முறை முதலிலிருந்து ஆரம்பித்து... அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே வந்து நேராக என்னிடம்தான் வந்தார். "நீ சொன்ன மாதிரியே ஏமாத்தப் பாத்தாங்க தம்பி. கன்னடத்துல கேட்டாங்க. நான் மாட்டவே இல்ல."

அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் என்னிடம் சொன்னார்: "நல்ல ஆளுப்பா. ஆனா சொன்னத ஃபாலோ பண்ண மாட்டேங்கறாருன்னு மேடம் எழுதிட்டாங்க."

அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. சீட் கம்மியாம்ணா என்று மட்டும் சொன்னேன். "செரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று மறுநாளே பழையபடி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த தடவை கிடையாது. நாற்பது வயது தாண்டினால் எங்கள் பிளான்ட்டில் பெர்மனென்ட்டுக்குப் பெயரே அனுப்ப மாட்டார்கள். ஆடி மாதத்தோடு அவருக்கு நாற்பது முடிந்துவிட்டது. ரூல் எனக்குத் தெரியும்.

தெரிந்தும், தினமும் காலையில் பக்கத்து சீட்டில் அவர் படித்துக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே போனேன். போன மாதம் ஒருநாள் ஏதோ சந்தேகம் கேட்டார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய சம்சாரம் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்ஸில் கூட வரும் இன்ஜினியர் என்று யாரோ சொன்னதும் எழுந்து வந்துவிட்டார்.

"நீதானா தம்பி அது... ஒன்னப் பத்தியேதான் பேசுவாரு. இந்த வாட்டி பெர்மனென்ட் ஆயிருப்பாரில்ல?"

"ஆயிருப்பாருக்கா."



நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். காலை ஷிஃப்ட்காரர்களுக்கு லீவு கொடுக்க மாட்டார்கள், தெரியும். மற்றவர்கள் முடிந்தால் வாருங்கள்.

போய் வாங்கண்ணா...